ஆமி அப்பு

மகளைப் பல்கலைக்கழக விடுதியில் விட்டுவிட்டு அன்றிரவே வவுனியா பஸ்ஸில் திரும்பிவிட வேண்டும் என்றுதான் பேராதனைக்குப் போனேன். கலஹா சந்தியில் இறங்கி, இரண்டு பெட்டி, ஒரு பாய், ஒரு தலையணை எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு நடந்து, விடுதியில் பதிந்து முடிய மதியம் இரண்டு மணியாகிவிட்டது.

"அம்மா, பஸ்ஸுக்கு இன்னும் நேரம் கிடக்கு. பூந்தோட்டத்தைப் பாத்திட்டுப் போங்கோவன்" என்றாள் மகள்.

ரிக்கற் காசு வீண் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் அதற்குள் வாங்கிவிட்டாள்.

அந்தத் தோட்டத்துக்குள் நான் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. ஆனால் அதைப் பற்றி எனக்கு ஐந்து வயதிலேயே தெரியும். மகாவலி கங்கை அதை மூன்று பக்கமும் வளைத்து ஓடுகிறது என்பதும், பகலிலே மரங்களில் ஆயிரக்கணக்கான வௌவால்கள் தலைகீழாகத் தொங்கும் என்பதும் தெரியும். என் அப்பு, அதாவது அம்மாவின் தகப்பனார், 1944ஆம் ஆண்டு தொடக்கம் ஒன்றரை வருடத்துக்கு மேலாக அங்கே காவல் நின்றவர். துவக்கோடு.

இதை வாசிக்கும் உங்களில் பலருக்கு ‘ஆமி’ என்ற சொல்லைக் கேட்டாலே வயிற்றுக்குள் ஏதோ செய்யும். எனக்கும் அப்படித்தான். ஆனால் எனக்கு அந்தச் சொல் அறிமுகமானது பயத்தோடு அல்ல. வடமராட்சியில் எங்கள் ஒழுங்கையில் எல்லாரும் என் அப்புவை ‘ஆமி அப்பு’ என்றுதான் கூப்பிடுவார்கள். பெட்டிக்கடைக் கணக்குக் கொப்பியிலும் அவருடைய பெயர் அப்படித்தான் இருந்தது.

இரண்டாம் உலகப்போரின்போது, 1942 ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் கொழும்பிலும் திருகோணமலையிலும் குண்டு போட்டன. அந்த வருடம் அப்புவுக்கு இருபத்தொரு வயது. வீட்டில் ஏழு பேர் சாப்பிட வேண்டும், தோட்டத்தில் வரும்படி இல்லை. படைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய்ச் சேர்ந்தார். சிலோன் லைட் இன்பன்ட்ரி என்பது அந்தப் படையின் பெயர். நாட்டுப்பற்று, அரசபக்தி என்றெல்லாம் அவர் ஒருநாளும் சொன்னதில்லை. "சம்பளம் தந்தாங்கள், சப்பாத்துத் தந்தாங்கள்" என்றுதான் சொல்லுவார். அதுவரை அவர் காலில் சப்பாத்துப் போட்டதில்லை.

1944 ஏப்ரலில் மவுண்ட்பேட்டன் பிரபு தன்னுடைய தென்கிழக்காசியத் தலைமையகத்தை டில்லியிலிருந்து கண்டிக்கு மாற்றினார். அலுவலகங்கள் பேராதனைப் பூந்தோட்டத்துக்குள் அமைந்தன. பர்மாவிலே நடந்த சண்டைக்கு அங்கிருந்துதான் திட்டம் போட்டார்கள். மரங்களுக்குக் கீழே கிடுகுக் கொட்டில்கள், கொட்டிலுக்குள்ளே வரைபடங்கள், தட்டச்சு மெஷின்கள், சீருடை போட்ட வெள்ளைக்காரப் பெண்பிள்ளைகள். அப்புவுக்கு ஆகப் பெரிய அதிசயம் அந்தப் பெண்பிள்ளைகள்தான். பெண் சல்யூட் அடிப்பதை அவர் அங்கேதான் முதன்முதலில் கண்டாராம்.

போர் முடியும்வரை அப்பு ஒரு வெடிகூட வைக்கவில்லை. ஓர் உலகப்போர் முழுவதையும் பூந்தோட்டத்துக்குக் காவல் நின்று கழித்த மனிதர். ஆச்சி அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். "மான் வந்து பூவைத் தின்னாமப் பாத்தவர்" என்பார்.

1946இல் விடுவிப்புப் பத்திரத்தோடு வீட்டுக்கு வந்தார். அடுத்த வருடம் ஆச்சியைக் கல்யாணம் செய்தார். 1950இல் காங்கேசன்துறையில் சீமெந்துத் தொழிற்சாலை தொடங்கியபோது அங்கே காவலாளி வேலை கிடைத்தது. ஓய்வு பெறும்வரை அதே வேலைதான். ஆறு பிள்ளைகள். அவர் வாழ்க்கையில் இதற்கு மேல் பெரிய சம்பவம் எதுவும் கிடையாது. அதைத்தான் நான் எழுத நினைக்கிறேன்.

அப்பு விடிய நாலரைக்கு எழும்புவார். படுத்த பாயைச் சுருட்டி, போர்வையை நாலாக மடித்து, ஓரம் ஓரத்தோடு பொருந்தாவிட்டால் மறுபடி உதறி மடிப்பார். கிணற்றடியில் முகம் கழுவி, அடுப்பு மூட்டி, தேத்தண்ணி ஊற்றி, முதல் கோப்பையை ஆச்சியின் தலைமாட்டில் கொண்டுபோய் வைப்பார். அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் பெண்சாதிக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்த ஆண் வேறு யாரும் இருந்ததாக நான் கேள்விப்படவில்லை. இரவுக் காவல் முடித்து வருகிறவனுக்கு அடுத்த காவலுக்குப் போகிறவன் தேத்தண்ணி கொடுக்க வேண்டும் என்பது பேராதனையில் அவர்களுக்குள் இருந்த வழக்கமாம். "ராத்திரி முழுக்கப் பிள்ளையளோட முழிச்சுக் கிடந்தது அவள்தானே. அவளின்ர டியூட்டி முடிஞ்சுது" என்பார். பிள்ளைகள் வளர்ந்து கல்யாணம் செய்து போன பிறகும் அந்த டியூட்டிக் கணக்கு மாறவில்லை.

பேரப்பிள்ளைகள் எங்களுக்கு வெள்ளிக்கிழமை நகம் வெட்டிவிடுவதும் சிரட்டைக்கரி போட்டுப் பள்ளிக்கூடச் சட்டை அழுத்தித் தருவதும் அவர்தான். சட்டைக் கையில் விழும் மடிப்பு கத்தி மாதிரி இருக்கும். பின்னேரத்தில் விளக்குக் கொளுத்தும்வரை முற்றத்தில் இருந்து கதை சொல்லுவார். எல்லாக் கதையும் பேராதனையில்தான் நடக்கும்.

அந்தக் கதைகளில் இரண்டை நாங்கள் நம்பவில்லை.

"அந்தத் தோட்டத்துக்க பனையும் நிக்குது, தெரியுமே?" என்பார். "காவல் இல்லாத நேரம் நான் அதுக்குக் கீழதான் போய் இருக்கிறது. ஓலை காத்துக்குச் சலசலக்கேக்க வீட்டு நினைவு வரும்."

மலைநாட்டிலே பனை எப்படி நிற்கும்? "அப்பு புழுகிறார்" என்று நாங்கள் கும்மாளம் போடுவோம்.

மற்றது முத்துக்குமாரு கதை. "எங்களுக்குப் பெரிய ஒபிசர் முத்துக்குமாரு எண்டு ஒராள். எங்கட தமிழர். பிறகு அவர்தான் இலங்கை ஆமி முழுக்கவும் தலைவரா இருந்தவர்" என்பார்.

1986ஆம் ஆண்டு ஒருநாள் அவர் இதைச் சொன்னபோது பதினாறு வயது அண்ணா எழும்பி நின்றான். "தமிழன் ஆமிக்குத் தலைவனோ? அப்பு, உதை வெளியில சொல்லிப்போடாதேங்கோ. சனம் கல்லால எறியும்" என்றான். நாங்கள் எல்லாரும் சிரித்தோம். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. எல்லாரிலும் பெரிதாகச் சிரித்தவள் நான்தான். அப்பு ஒன்றும் சொல்லவில்லை. துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு மாட்டுக்குத் தண்ணீர் வைக்கப் போனார். அதற்குப் பிறகு அவர் பேராதனைக் கதை சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை.

அடுத்த வருடம் மே மாதம் வடமராட்சிப் படை நடவடிக்கை. ஷெல் விழத் தொடங்க, அப்பு தன் தகரப் பெட்டியை எடுத்துக் கொண்டுபோய் வேலியோரப் பூவரசுக்குக் கீழே கிடங்கு வெட்டித் தாட்டார். அதற்குள் இருந்தவை விடுவிப்புப் பத்திரம், காக்கி உடுப்போடு எடுத்த ஒரு படம், ஒரு பதக்கம். அந்தப் பதக்கத்தின் ஒரு பக்கத்தில் ஆறாம் ஜோர்ஜ் மன்னரின் தலை. மறுபக்கத்தில் இரண்டு தலை உள்ள பறவைநாகம் ஒன்றை ஒரு சிங்கம் மிதித்துக்கொண்டு நிற்கும். உலகப்போரில் சேவை செய்த இலட்சக்கணக்கான பேருக்குக் கொடுத்த சாதாரணப் பதக்கம்தான். ஆனால் சிங்கம் போட்ட சாமானை 1987இல் எங்கள் ஊரில் யாரிடம் காட்டி என்னவென்று விளக்குவது? காக்கிப் படமும் எந்தப் பக்கத்தாரின் கையில் அகப்பட்டாலும் வில்லங்கம்தான். ஊராரும் அந்தக் காலத்தோடு ‘ஆமி அப்பு’ என்று கூப்பிடுவதை நிறுத்திக்கொண்டார்கள். கடைக் கொப்பியிலும் பெயர் மாறியது.

சமாதான காலத்தில், 2003இல், நான் கிளிநொச்சியிலிருந்து கைக்குழந்தையோடு ஊருக்குப் போயிருந்தபோது அதைக் கிண்டி எடுத்தோம். பத்திரமும் படமும் களிமண்ணாகிக் கிடந்தன. பதக்கத்தின் நாடா உக்கிப் போயிருந்தது. உலோகம் மட்டும் அப்படியே. அப்பு அதைப் புளிபோட்டு விளக்கி என் மகளின் கையில் கொடுத்தார். பேரப்பிள்ளைகள் பன்னிரண்டு பேரில் எனக்கு ஏன் தந்தார் என்று தெரியாது. அன்றைக்கு நான் அருகில் நின்றேன் என்பதுதான் காரணமாக இருக்கும்.

2006 ஓகஸ்டில் ஏ9 பாதை பூட்டப்பட்டது. அந்த வருடக் கடைசியில் அப்பு போனார். எண்பத்தைந்து வயது. காலையில் தேத்தண்ணி ஊற்றி ஆச்சிக்கு வைத்துவிட்டு, மத்தியானம் சாய்மனைக் கதிரையில் படுத்தவர் எழும்பவில்லையாம். எனக்குச் செய்தி கிடைத்தது எட்டாம் நாள். பாதை இல்லை, போகவில்லை. ஆச்சி பிறகு சொன்னார்: "ஐம்பத்தொன்பது வருசம் இந்த மனுசனோட மாரடிச்சன். அந்தக் கயர்த் தேத்தண்ணியைக் குடிச்சுக் குடிச்சு என்ர நாக்கே செத்துப்போச்சு."

இந்தச் சலிப்பை நினைத்துப் பல இரவு நான் அழுதிருக்கிறேன். என் மனுசனோடு நான் வாழ்ந்தது ஒன்பது வருடம். 2009 மே மாதம் சனத்துக்குள்ளே பிரிந்தவர்தான். அவர் கையில் ஆயுதம் தூக்கியவர் இல்லை. லொறி ஓடினவர். அவர் ஊற்றும் தேத்தண்ணி கயர்க்குமா, சீனி கூடுமா என்று சலித்துக்கொள்ளும் அளவுக்கு எங்களுக்கு நாள் கிடைக்கவில்லை.

அந்த மே மாதம் ஓமந்தையில் எங்களைச் சோதித்தபோது, மகளின் பிறப்புச் சான்றிதழோடு சேர்த்துச் சுற்றி வைத்திருந்த பதக்கம் ஒரு சிப்பாயின் கையில் அகப்பட்டது. இருபது இருபத்திரண்டு வயதுதான் இருக்கும். "மே மொக்கத?" என்றான். எனக்குத் தெரிந்த சிங்களம் கொஞ்சம். "சீயாகே. சீயா ஆமி" என்றேன். திருப்பித் திருப்பிப் பார்த்தான். மன்னனின் தலையைப் பார்த்தான், சிங்கத்தைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். நான்கு நாள் சோறு காணாத முகத்தில் அவனுக்கு என்ன தெரிந்ததோ. சுற்றியிருந்த கடதாசியிலேயே திரும்பச் சுற்றித் தந்தான். இவ்வளவுதான் நடந்தது. அவன் நல்லவன் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை.

இனி பேராதனைக்கு வருகிறேன். அன்று தோட்டத்துக்குள் போய்க் கொஞ்ச நேரத்திலேயே மழை பிடித்துக்கொண்டது. இரண்டு பக்கமும் தூண் மாதிரி வரிசையாக நிற்கும் அரசபனைகளைக் கண்டேன். பார்க்க வடிவுதான். ஆனால் பனை என்று பெயரே தவிர நுங்குமில்லை, கிழங்குமில்லை. "இதைத்தான் கொப்பாட்டன் பனை எண்டிருப்பார்" என்று மகளிடம் சொன்னேன். அவரைப் பற்றிய கதை முழுவதையும் அன்றைக்குத்தான் அவளுக்குச் சொன்னேன். முத்துக்குமாரு கதையையும் சேர்த்து. இந்த முறை நான் சிரிக்கவில்லை, அவளும் சிரிக்கவில்லை. "நான் லைப்ரரியில தேடிப் பாக்கிறன்" என்றாள்.

இரண்டு கிழமை கழித்துத் தொலைபேசி எடுத்தாள். "அம்மா, கொப்பாட்டன் புழுகேல்லை."

மேஜர் ஜெனரல் அன்ரன் முத்துக்குமாரு. 1908 யூலை 6இல் பிறந்தவர். கொழும்பு புனித சூசையப்பர் கல்லூரியிலும் பிறகு ஒக்ஸ்பேர்ட்டிலும் படித்துச் சட்டத்தரணியாக வந்தவர். வழக்காடிக்கொண்டே சிலோன் லைட் இன்பன்ட்ரியில் தொண்டர் அதிகாரியாகச் சேர்ந்தவர். போரின்போது மவுண்ட்பேட்டனின் தலைமையகத்தைக் காத்து நின்ற படையினருக்கு அவர்தான் கட்டளை அதிகாரி. 1949இல் இலங்கை இராணுவம் உருவாக்கப்பட்டபோது முதலிரண்டு தளபதிகளும் பிரித்தானியர். மூன்றாவதாக, 1955 பெப்ரவரியில், அந்தப் பதவிக்கு வந்த முதல் இலங்கையர் முத்துக்குமாரு. 1959 முடியும்வரை, ஏறக்குறைய ஐந்து வருடம், இந்த நாட்டு இராணுவத்தின் தளபதி ஒரு தமிழர்.

தொலைபேசியை வைத்துவிட்டுக் கன நேரம் அடுப்படியிலேயே இருந்தேன்.

பிறகு எனக்கு ஒரு கேள்வி வந்தது. மகளிடம் கேட்டேன். தனிச் சிங்களச் சட்டம் வந்தது 1956இல். தமிழர்களை அடித்து விரட்டிய கலவரம் 1958இல். இரண்டும் அவர் தளபதியாக இருந்த காலத்தில்தானே? அவர் என்ன நினைத்திருப்பார்?

"ஆமிக் கொமாண்டர் சட்டம் போடுறவர் இல்லையம்மா" என்றாள்.

உண்மைதான். கலவரத்தின்போது அவசரகாலச் சட்டத்தின் கீழ் இராணுவம்தான் தெருவில் இறங்கியது. அதற்கு முந்திய டிசம்பரில், 1957 பெருவெள்ளத்தில், சனத்தைக் காப்பாற்றவும் அதே இராணுவம்தான் போனது. அந்த நாட்களில் அதிகாரிகளுக்குள்ளே தமிழரும் பறங்கியரும் கணிசமாக இருந்தார்கள். அறுபதுகளுக்குப் பிறகு அது குறைந்துகொண்டே போனது. இருந்தாலும் என் கேள்வி என்னோடுதான் இருக்கிறது. முத்துக்குமாருவை நான் தெய்வமாக்க வரவில்லை. அவர் ஒக்ஸ்பேர்ட் மனிதர். என் அப்பு எட்டாம் வகுப்பு. பதவி முடிந்த பிறகு அவர் பாகிஸ்தான், அவுஸ்திரேலியா, எகிப்து என்று இலங்கையின் தூதுவராகப் போனார். அப்பு சீமெந்துச் சாக்குகளுக்குக் காவல் நின்றார். இருவருக்கும் பொதுவாக இருந்தது பேராதனையும், கல்யாணம் செய்து பிள்ளை பெற்று வீட்டோடு கிழவனாகிய நீண்ட ஆயுளும்தான். முத்துக்குமாரு 2001இல் காலமானபோது தொண்ணூறு வயதைத் தாண்டியிருந்தார்.

அவர் இலங்கையின் இராணுவ வரலாற்றை ஆங்கிலத்தில் ஒரு புத்தகமாக எழுதியிருக்கிறார். அது வெளிவந்த ஆண்டு 1987 என்று மகள் சொன்னாள். அந்த ஆண்டுதான் அப்பு தகரப் பெட்டியைத் தாட்டார்.

மூன்று மாதம் கழித்து மறுபடி பேராதனைக்குப் போனேன். இந்த முறை காலையிலேயே கண்டிப் பக்கமாக உள்ள யுத்த மயானத்துக்கு மகள் கூட்டிக்கொண்டு போனாள். மகாவலிக் கரைக்குக் கிட்ட, ஒரு சரிவின் கீழே, இருநூறுக்குச் சற்று மேற்பட்ட கல்லறைகள். புல்லை மட்டமாக வெட்டி, ஒவ்வொரு கல்லடியிலும் பூஞ்செடி வைத்திருக்கிறார்கள். பிரித்தானியர், கிழக்கு ஆபிரிக்கர், இந்தியர், இலங்கையர். கல்லில் பெயர் இருக்கிறது, படைப்பிரிவு இருக்கிறது, செத்த தேதி இருக்கிறது. இருபத்திரண்டு வயது, இருபத்தைந்து வயது என்று பல கற்களில் வயதும் இருக்கிறது. அப்புவோடு காவல் நின்ற எவரும் அங்கே கிடக்கலாம். மூன்று இத்தாலியர்களும் அங்கே இருக்கிறார்கள். அந்தப் போரில் இத்தாலி எதிரி நாடு. எதிரிக்கும் கல், எதிரிக்கும் பூஞ்செடி.

அந்த மூன்று கற்களுக்கும் முன்னால் நான் நெடுநேரம் நின்றேன். எங்கள் பக்கத்தில் பெயர் எழுதி நட்ட கற்கள்கூட இடித்து மட்டமாக்கப்பட்டதை நீங்கள் அறிவீர்கள். என் மனுசனுக்கு அப்படி இடிப்பதற்கும் ஒரு கல் இருந்ததில்லை. எத்தனையோ படிவம் நிரப்பியாயிற்று. காணாமற்போன திகதி என்ற இடத்தில் ஒவ்வொரு முறையும் ஒரே திகதியைத்தான் எழுதுகிறேன். செத்த திகதி என்று எழுதினால் சான்றிதழ் தரலாம் என்று ஓர் உத்தியோகத்தர் சொன்னார். என்னால் எழுத முடியவில்லை.

"வாங்கோ அம்மா, பூந்தோட்டத்துக்குப் போவம்" என்று மகள் கையைப் பிடித்தாள்.

அன்று மழை இல்லை. தோட்டத்துக் காவலாளி ஒருவரிடம் மகள் சிங்களத்தில் ஏதோ கேட்டாள். அவர் கையைக் காட்டினார். நடந்தோம். தூரத்தில் வரும்போதே எனக்குச் சத்தம் கேட்டுவிட்டது. காய்ந்த ஓலை ஒன்றோடொன்று உரசும் அந்தச் சத்தத்தை எங்கே கேட்டாலும் நான் அறிவேன். வரிசையாக நின்றன. கறுத்த உடம்பு, விசிறி ஓலை. எங்கள் பனைதான்.

நான் அதற்குக் கீழே இருந்துவிட்டேன். சேலையில் மண் படும் என்றுகூடப் பார்க்கவில்லை. மகள் படம் எடுத்து, கனடாவிலிருக்கும் அண்ணாவுக்கு அனுப்பினாள். ‘பேராதனைப் பூந்தோட்டம்’ என்று மட்டும் கீழே எழுதினாள். அங்கே நடுச்சாமமாக இருந்திருக்கும். ஆனாலும் கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது.

"முத்துக்குமாரு கதையும் உண்மையோ?"

போனை வாங்கி நானே எழுதினேன், "ஓம் அண்ணா, அதுவும்" என்று.